நரிக்கல் கரட்டு வைத்தியம்

“சார், எங்க கெளம்பிட்டீங்க?”

வீட்டை விட்டு இறங்கி நாற்பது அடி நடப்பதற்குள் இப்படிக் கேட்ட மூன்றாவது ஆள் இவர். சவுரியப்பன் நின்றார். பன்னிரண்டு வருஷம் ஹெட்கிளார்க்காக இருந்தவருக்கு ஊருக்குள் ஒரு கேள்விக்குப் பதில் தயாராக இல்லாமல் போனது இதுதான் முதல் தடவை.

“இப்படியே... மேற்கால,” என்றார்.

“மேற்கால கரடுதான் இருக்குது,” என்றார் நஞ்சப்பன். புளி உலுக்கிவிட்டுத் தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். “கரட்டுல ஒங்களுக்கு என்னாங்க வேலை?”

அதுதான் சிக்கல். கரட்டில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு வேலையும் இல்லாமல் போய் அங்கே உட்கார வேண்டும் என்பதுதான் டாக்டர் உத்தரவு. குண்டலஅள்ளியில் ஆடு கூடக் காரணம் இல்லாமல் கரடு ஏறாது.

“வந்து சொல்றேன்,” என்று திரும்பி வீட்டுக்கே வந்துவிட்டார்.

சவுரியப்பன் அந்த ஊரில் முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவர். பாலக்கோட்டில் ஒரு சர்க்கார் ஆபீசில் வேலை. ஊருக்குள் மின்சாரக் கம்பம் வந்தது அவர் எழுதிய மனுவால். பெரிய ஏரிக்கு மதகு வந்தது இன்னொரு மனுவால். விதவைப் பென்ஷனா, பட்டா மாறுதலா, யாராக இருந்தாலும் அவர் வீட்டு வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சாமியாரே அவருக்காக இரண்டு நிமிஷம் நின்று பேசிவிட்டுப் போவார். இதிலெல்லாம் அவருக்குப் பெருமை உண்டு. அதை அவர் ஒளித்து வைத்ததும் இல்லை.

அப்படிப்பட்டவருக்கு 1973 தை மாதத்திலிருந்து தூக்கம் போய்விட்டது. கையெழுத்துப் போடும்போது விரல் நடுங்கியது. பென்சில் கீழே விழுந்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு நாள் ஆபீசுக்கு பஸ் ஏறியவர் பாலக்கோட்டில் இறங்கவில்லை. பஸ் கடைசி ஊர் வரை போய்த் திரும்பியது. மறுபடி போனது. மறுபடி திரும்பியது. நாலாவது நடையில் கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, “சார், எந்த ஸ்டாப்புங்க?” என்று மெதுவாகக் கேட்டார். சவுரியப்பனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்டக்டரே அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

“யாருக்கும் தெரிய வேணாம்,” என்று மனைவி ராஜமேரியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார் சவுரியப்பன்.

தர்மபுரி டாக்டர் அருள்நாதன் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், முழங்காலைத் தட்டினார். பெரிய ஊசியாகப் போடுவார் என்று எதிர்பார்த்து சவுரியப்பன் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டார். டாக்டர் ஊசியை எடுக்கவில்லை.

“ஒங்க ஊர்ல மலை இருக்கா?”

“கரடு ஒண்ணு இருக்குதுங்க. நரிக்கல் கரடு.”

“மூணு மாசம் லீவு போடுங்க. தெனம் சாயங்காலம் நாலு மணிக்குக் கரட்டுல ஏறி ஒரு மணி நேரம் உக்காருங்க. மரத்தைப் பாருங்க. பறவையைப் பாருங்க. காத்து வாங்குங்க.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

சவுரியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. “டாக்டர், நான் ஹெட்கிளார்க். என்னை ஆடு மேய்க்கச் சொல்றீங்களா?”

“ஆடு வேணாம். ஆடு இருந்தா அதைப் பாத்துக்கணும். நீங்க சும்மா இருக்கணும்.” டாக்டர் அதையே மருந்துச் சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பிறகு, “கம்பவுண்டர்கிட்ட எடை பாத்துட்டு வாங்க. அதுக்குள்ள அம்மாகிட்ட பத்தியம் சொல்லிடறேன்,” என்றார்.

பத்தியம் சொல்லக் கால் மணி நேரம் ஆனது. திரும்பும் வழியில் ராஜமேரியிடம் கேட்டால், “கத்திரிக்காய் ஆகாதாம்,” என்பதோடு முடித்துக்கொண்டாள்.

இப்போது நஞ்சப்பனிடம் மாட்டித் திரும்பி வந்தவர் ராஜமேரியிடம் எரிந்து விழுந்தார்.

“ஒரு மனுசன் நாலடி நடக்க முடியல. ஆளாளுக்குக் கேக்கறாங்க. என்னான்னு சொல்றது? பைத்தியத்துக்கு மருந்து சாப்பிடப் போறேன்னு சொல்லவா?”

“சும்மா காத்து வாங்கப் போறேன்னு சொல்லுங்களேன்.”

“நான் சும்மா போற ஆளா?”

மறுநாள் அவருக்கு ஒரு வழி தோன்றியது. பித்தளைச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டார். கையில் சொம்போடு போகிறவனை உலகத்தில் எவனும் நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டான்.

யாரும் கேட்கவில்லை. தலையைக் குனிந்து வழிவிட்டார்கள். சவுரியப்பன் கரட்டின் பாதி உயரத்தில் ஒரு தட்டைப் பாறையைக் கண்டுபிடித்து, பக்கத்தில் இருந்த வேப்ப மரத்து நிழலில் உட்கார்ந்தார். கீழே ஏரி சட்டியளவு தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிஷம்தான் ஆகியிருந்தது. ஐம்பத்தேழு நிமிஷம் எப்படிப் போகும் என்று கவலையாக இருந்தது. கவலைப்பட்டுக்கொண்டே ஐம்பத்தேழு நிமிஷத்தையும் கழித்துவிட்டார்.

நாலு நாள் நன்றாகப் போயிற்று. ஐந்தாம் நாள் ஆடு மேய்க்கும் மாதம்மாள் பாறைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் தூக்குப்போசி.

“சார், ஒரு மணி நேரமா ஒக்காந்துகினு இருக்கீங்களே. வவுத்துக்கு அவ்வளவு மோசமா?”

“என்னது?”

“மாதுளந்தோலு போட்டுக் கொதிக்க வெச்ச மோருங்க. ஒரே மூச்சுல குடிங்க.”

மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். குடித்தார். ஆறாம் நாள் தீர்த்தம்மாள் வறுத்த வெந்தயமும் கட்டித் தயிரும் கொண்டுவந்தாள். ஏழாம் நாள் வந்தவர் கொய்யாக் கொழுந்தை அரைத்து எடுத்துவந்தார். எட்டாம் நாள் இன்னொரு வீட்டிலிருந்து வசம்பு வந்தது. எல்லாரும் அவர் குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். குடித்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. குணம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவார்களாம்.

ஒன்பதாம் நாள் சவுரியப்பனுக்கு உண்மையிலேயே வயிறு கெட்டுப் போய்விட்டது.

“சொம்பு வேணாம்,” என்றார் ராஜமேரியிடம் படுத்தபடி. “அரிவாளும் கயிறும் எடுத்து வை. வெறகு வெட்டப் போறேன்னு சொல்லிடறேன்.”

“நீங்க வெறகு வெட்டுவீங்களா?” ராஜமேரி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

“வெட்டப் போறதா யாரு சொன்னா? எடுத்துட்டுப் போறேன், அவ்வளவுதான்.”

இந்த யோசனை ஒரே நாளில் கெட்டுப்போயிற்று. ஹெட்கிளார்க் அரிவாளோடு கரட்டுக்குப் போகிறார் என்றதும் நஞ்சப்பன் ஓடிவந்து அரிவாளைப் பிடுங்கிக்கொண்டார்.

“எங்களுக்கு மானம் போயிரும் சார்! எம் பொண்ணு பேருக்குப் பட்டா வாங்கிக் குடுத்த கை இது. இந்தக் கையால வெறகு வெட்றதா?”

“பரவாயில்ல நஞ்சப்பா...”

“நீங்க பாறையில ஒக்காருங்க. நான் வெட்டறேன்.”

நஞ்சப்பன் காய்ந்த கிளைகளை வெட்டிக் கட்டித் தலையில் வைத்து வீட்டில் கொண்டுவந்து போட்டார். மறுநாள் மாதையன். அதற்கு மறுநாள் அண்ணன் தம்பி இரண்டு பேர். ஆள் மாறியதே தவிர, வெட்டு நிற்கவில்லை. வெட்டுகிற சத்தத்தில் பறவை ஒன்றும் கிட்டே வரவில்லை. அமைதியைத் தேடிப் போன இடத்தில் ‘டொக் டொக்’ என்று மண்டையில் இடித்தது.

பத்து நாளில் ராஜமேரி சமையலறைக்குள் நுழைய முடியவில்லை. பின்வாசலை விறகு அடைத்துவிட்டது. கோழிக்கூட்டைக் காணவில்லை, தேடிப் பார்த்தால் விறகுக்கு அடியில் இருந்தது.

“இதுக்கு மேல அடுப்பு எரிக்க வேணாம்,” என்றாள் ராஜமேரி. “வூட்டோடவே கொளுத்திடலாம்.”

சவுரியப்பன் சிரித்துவிட்டார். சிரித்த பிறகுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. தைக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. ராஜமேரி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

மூன்றாவதாக அவர் தேர்ந்தெடுத்தது நோட்டுப் புத்தகம். இதை முதலிலேயே யோசிக்காமல் போனதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார். நோட்டும் பென்சிலும் அவருடைய ஆயுதம். அதைப் பார்த்தால் ஊரே ஒதுங்கி நிற்கும்.

“எங்கீங்க சார்?”

“சர்க்கார் வேலை. ரகசியம்,” என்றார். நடையிலேயே ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

பாறையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். எதையாவது எழுதியாக வேண்டும். கண்ணில் பட்டதை எழுதினார். ‘வேப்ப மரம் ஒன்று. வேல மரம் ஆறு. பெயர் தெரியாத மரம் இரண்டு. கரிச்சான் குருவி ஒன்று, காக்கையைத் துரத்துகிறது. காக்கை பெரியது. ஆனாலும் ஓடுகிறது.’ கடைசி வரியை எழுதிவிட்டுத் திரும்பப் படித்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. நிமிர்ந்தபோது ஒன்றே கால் மணி நேரம் போயிருந்தது.

நாலு நாள் கழித்து ஊரில் விஷயம் பரவியது. சர்க்கார் நரிக்கல் கரட்டை சர்வே செய்கிறதாம். எதற்கு என்பது யாருக்கும் தெரியாது. எழுதுவது நம் சார் என்பதால் நல்லதற்குத்தான் இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து பாறைக்குத் தினம் ஒருவர் தகவல் சொல்ல வந்தார்.

“சார், தெக்கால சரிவுல ஒரு சொனை இருக்குது. எழுதிக்கினீங்களா?”

“சார், அது பேரு தெரியாத மரம் இல்லீங்க. துரிஞ்சி. கொழுந்தை அரைச்சுத் தலைக்குத் தேய்ப்போம்.”

“எங்க ஊட்டுக்காரரு சொன்னாரு, கவுதாரி முட்டை வெச்சிருக்குதாம். வாங்க, காட்றேன்.”

அவர்களைத் துரத்த முடியவில்லை. சர்வே என்று சொன்னது அவர் வாய்தானே. சுனையைப் பார்க்க நடந்தார். கவுதாரி முட்டையைப் பார்க்கத் தவழ்ந்தார். வெள்ளை வேட்டியில் நாயுருவி ஒட்டியது. பங்குனி பிறந்தபோது தெற்குச் சரிவு, வடக்குச் சரிவு, உச்சிப்பாறை எல்லாம் அவருக்கு அத்துப்படியாகிவிட்டன. ராகிக் களி இரண்டு உருண்டை உள்ளே போனது. விரல் நடுங்குவது எப்போது நின்றது என்று அவருக்கே தெரியவில்லை.

ஒரு நாள் எழுதிக்கொண்டே பாறையில் தூங்கிப் போனார். கண் விழித்தபோது முகத்தில் வெயில் இல்லை. மாதையன் தன் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சற்றுத் தள்ளி மாதம்மாள் ஆடுகளின் கழுத்து மணியில் புல்லைச் செருகிச் சத்தம் வராமல் செய்திருந்தாள். இன்னும் ஐந்தாறு பேர் மூச்சு விடாமல் குந்தியிருந்தார்கள்.

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ரெண்டு மணி நேரம் இருக்கும் சார்,” என்றார் மாதையன். அப்போதுதான் துண்டை இறக்கினார்.

‘சர்வேயில் தங்கள் பெயர் வர வேண்டும் என்பதற்காக இந்த ஜனங்கள் என்ன பாடு படுகிறார்கள்!’ என்று சவுரியப்பன் நினைத்துக்கொண்டார். வெகுளி ஜனங்கள். அவர்களை ஏமாற்றுகிறோமே என்று கொஞ்சம் வருத்தமாகவும், இவ்வளவு சாமர்த்தியமாக ஏமாற்றுகிறோமே என்று நிறையப் பெருமையாகவும் இருந்தது.

வினை பக்கத்து ஊரிலிருந்து வந்தது. ‘குண்டலஅள்ளிக் கரட்டை மட்டும் சர்வே செய்து எங்கள் கரட்டை விட்டது ஏன்?’ என்று அந்த ஊர்க்காரர்கள் மனுப் போட்டுவிட்டார்கள். மனு மேஜை மேஜையாக ஏறி இறங்கியது. சர்வேக்கு உத்தரவு போட்டவர் யாரும் அகப்படவில்லை. சித்திரை மாதம் ஒரு பிற்பகலில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

சவுரியப்பன் பாறையில் இருந்தபடியே அவர் ஏறி வருவதைப் பார்த்தார். மெடிக்கல் லீவில் இருக்கும் ஹெட்கிளார்க், உத்தரவே இல்லாத சர்வே. மெமோ வரும். விசாரணை வரும். எதற்காகக் கரட்டுக்குப் போனீர் என்று கேட்பார்கள். மருந்துச் சீட்டைக் காட்ட வேண்டும். பஸ்ஸில் போய்ப் போய் வந்த கதை ஆபீசுக்கும் ஊருக்கும் தெரிந்துவிடும். பன்னிரண்டு வருஷ மரியாதை அன்றோடு போய்விடும்.

ஆர்.ஐ.க்குப் பின்னாலேயே ஊர் ஏறி வந்துகொண்டிருந்தது.

“சவுரியப்பன் சார், நீங்க இங்க சர்வே பண்றதா மனு வந்திருக்கு,” என்றார் ஆர்.ஐ. மூச்சு வாங்கியபடி. சவுரியப்பன் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். ஆர்.ஐ. கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “சர்வேன்னு இவரு ஒங்ககிட்ட சொன்னாரா?”

“சர்வேயா?” என்றார் நஞ்சப்பன். “அப்படின்னா என்னாங்க?”

சவுரியப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

“நாங்கதாங்க சாரைக் கூப்புட்டோம்,” என்றாள் மாதம்மாள். “எங்க கரட்டுல என்னென்னா மரம் இருக்குது, என்னென்னா குருவி இருக்குதுன்னு எழுதி வெச்சா, பின்னால வர்றவங்களுக்கு ஒதவுமேன்னு. லீவுல இருக்கற மனுசன், எங்களுக்காவ வெயில்ல கெடந்து எழுதறாரு.”

“இத மாதிரி ஒரு ஆளு அந்த ஊர்ல இருக்குதா? அந்த வயித்தெரிச்சல்லதான் மனு போட்டிருக்கானுங்க,” என்றார் மாதையன். ஊரே ஆமாம் போட்டது.

ஆர்.ஐ. நோட்டை வாங்கினார். நின்றபடி ஒரு பக்கம் படித்தார். பிறகு பாறையில் உட்கார்ந்து அடுத்த பக்கத்தைச் சத்தமாகவே படித்தார்.

“‘ஏப்ரல் பதினேழு. கவுதாரி ஏழு குஞ்சுகளோடு பாதையைக் கடந்தது. கடைசிக் குஞ்சு கல்லில் தடுக்கி விழுந்தது. தாய் நின்று பார்த்தது. குஞ்சு எழுந்து ஓடியது. இன்று வேறு விசேஷம் இல்லை. வேறு எதுவும் வேண்டியிருக்கவும் இல்லை.’”

மாதம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

ஆர்.ஐ. நோட்டை மூடி மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். “சர்வே எதுவும் நடக்கலைன்னு எழுதிடறேன்,” என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது சவுரியப்பனைத் தனியாக அழைத்து, “எனக்கும் கொஞ்ச நாளா ராத்திரியில தூக்கம் வர்றதில்ல சார். ஞாயித்துக்கெழமையில இங்க வரலாமா?” என்று கேட்டார்.

சவுரியப்பனுக்கு அன்று இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. தான் சொல்லிக் கொடுக்காமலே தன் ஊர் இவ்வளவு கச்சிதமாகப் பதில் சொன்னதை நினைத்து நினைத்து மகிழ்ந்தார். தன்னோடு பழகிய பழக்கத்தில் அவர்களுக்கும் கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது.

லீவு முடியும் வாரம் டாக்டரிடம் போனார். டாக்டர் இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். விரல்கள் அசையாமல் நின்றன.

“தூக்கம்?”

“எட்டு மணி நேரம். எழுப்பினாத்தான் எந்திரிக்கிறேன்.”

“பலே! வேலையில சேரலாம்,” என்று சர்டிபிகேட்டை எழுதினார் டாக்டர்.

சவுரியப்பன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “டாக்டர், ஒண்ணு சொல்லணும். ஒங்க மருந்து நல்ல மருந்துதான். ஆனா அதைச் சாப்பிட ஒரு தெறமை வேணும். மூணு மாசம் நான் எதுக்குக் கரடு ஏறுனேன்னு ஊர்ல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. மொதல்ல வவுத்து வலி, அப்பறம் வெறகு, அப்பறம் சர்வே. அத்தனையும் நம்பிட்டாங்க. தனி ஆளா நின்னு குணப்படுத்திக்கிட்டேன்.”

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார். ராஜமேரி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒங்களை மாதிரி ஒருத்தரைப் பாத்ததில்ல சார்,” என்றார் டாக்டர் கடைசியில்.

திங்கட்கிழமை ஆபீசில் சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கரட்டிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று புறப்பட்டார் சவுரியப்பன். கையில் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. புங்க மரங்கள் பூத்துப் பாதையில் உதிர்ந்து கிடந்தன. இந்த ஊரில் பிறந்து நாற்பத்தாறு வருஷமாக இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்று நினைத்தார். இனி ஒரு நாளும் விடக் கூடாது என்றும் நினைத்தார்.

அடிவாரத்தில் ஒருவர் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். காளியப்பன். ஓடைக்கு அந்தப்புறம், ஊரிலிருந்து இரண்டு மைல் தள்ளிக் காட்டுக்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருக்கும் மனிதர். ஊருக்குள் வருவதே அபூர்வம். சலவை வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி நின்றிருந்தார்.

“என்ன காளியப்பா, இந்தப் பக்கம்?”

“ஒங்களப் பாக்கத்தாங்க சார். நாளையில இருந்து வேலைக்குப் போறீங்கன்னு காலையிலதான் ஓடையில சொன்னாங்க. அதான் கெளம்பி வந்துட்டேன்.”

“நாளைக்குத்தான் போறேன். என்ன விஷயம்? மனு எழுதணுமா?”

“அதெல்லாம் இல்லீங்க,” என்றார் காளியப்பன், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. “டாக்டரு அம்மாகிட்ட ஒங்களத் தனியா வுடாதீங்கன்னு சொன்னதுல இருந்து, ஊரே வூட்டுக்கு ஒரு நாளுன்னு மொறை வெச்சுக் கரடு ஏறுது. எங்க வூட்டு மொறை நாளைக்கித்தாங்க சார்; நீங்க பாட்டுக்கு ஆபீசுக்குப் போயிட்டா, நம்ம சாருக்கு மொறை பாக்காத வூடு ஊர்லயே எங்க வூடு ஒண்ணுதான்னு ஆயிருமே!”